கட்டுத் துணிக்கு யார் காசு கொடுப்பது?

போதை ஊசி போட்டுக்கொள்பவர்களின் கைகால்களில் வரும் புண் அமெரிக்க மருத்துவமனைகளுக்குப் பழகிய நோய். அதன் செலவை யார் கணக்கில் எழுதுவது என்பதுதான் பல பத்தாண்டுகளாகத் தீராத வழக்கு. சீழ் பிடித்து, காய்ச்சலோடு அவசரப் பிரிவில் விழுந்தவருக்கு அறுவை சிகிச்சை செய்ய எப்படியோ பணம் வந்துவிடும். ஒரு வாரம் முன்னால் அதே புண்ணைக் கழுவிக் கட்ட ஒரு சுருள் துணி வாங்குவதற்கு எந்தத் தலைப்பிலும் நிதி இருக்காது.

இந்தக் கணக்கை முதலில் எண்ணிக்கையோடு எடுத்துக்காட்டிய ஊர்களில் ஒன்று சான் பிரான்சிஸ்கோ. 1990களில் கலிபோர்னியாவில் புழங்கியது மெக்சிகோவிலிருந்து வந்த, தார்போல் கறுத்துப் பிசுபிசுக்கும் ஹெராயின். அது நரம்புகளை அடைத்துவிடும். நரம்பு கிடைக்காதவர்கள் தோலுக்கடியிலும் தசையிலும் குத்திக்கொண்டார்கள். அந்த இடங்களில் சீழ்க்கட்டிகள் வந்தன, சிலருக்குப் புண் வழியே பாட்டுலிசம் என்ற முடக்கு நோயும் வந்தது. நகரின் பொது மருத்துவமனையில் படுக்கைகளை நிரப்பிய முக்கியக் காரணங்களில் ஒன்றாகவே இந்தக் கட்டிகள் ஆயின. 2001இல் அங்கே இதற்கென்று ஒரு புறநோயாளிப் பிரிவு திறந்தார்கள். அறுவை மருத்துவம், போதை மீட்பு ஆலோசனை, சமூகநல உதவி மூன்றும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. முதல் ஆண்டிலேயே அறுவைப் பிரிவில் சேர்பவர்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். மிச்சமான தொகை 80 லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். இவ்வளவு தெளிவான கணக்கைப் பார்த்தும் நாடு முழுவதும் இது பரவிவிடவில்லை. பெரும்பாலான ஊர்களில் கட்டுப் போட ஆகும் செலவு ஒருவர் தலையில் விழுகிறது, மிச்சமாகும் பணம் வேறொருவர் பைக்குப் போகிறது. தன் பைக்கு வராத மிச்சத்துக்காகச் செலவு செய்ய எந்த அலுவலகமும் முன்வருவதில்லை.

கிழக்கே பிலடெல்பியாவின் கென்சிங்டன் பகுதியில் கதை வேறு மாதிரி போனது. ஒரு காலத்தில் துணி ஆலைகளுக்கும் தரைவிரிப்புக்கும் ஸ்டெட்சன் தொப்பிக்கும் பேர்போன தொழிலாளர் பேட்டை அது. 20ஆம் நூற்றாண்டின் பின்பாதிக்குள் ஆலைகள் மூடப்பட்டன. வேலை போன தெருக்களில், உயர்மட்ட ரயில் பாதையின் நிழலில், மலிவான ஹெராயின் சந்தை வேரூன்றியது.

எய்ட்ஸ் பரவிய காலத்தில், 1990களின் தொடக்கத்தில், எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடிய ஆக்ட் அப் இயக்கத்தினர் சட்டத்தை மீறி இங்கே சுத்தமான ஊசிகளைக் கொடுக்கத் தொடங்கினார்கள். பிரிவென்ஷன் பாயிண்ட் என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது. 1992இல் மேயர் எட் ரெண்டல் ஓர் ஆணை பிறப்பித்து அதற்கு நகர எல்லைக்குள் அனுமதி தந்தார். பென்சில்வேனியா மாநிலச் சட்டமோ ஊசியைப் போதைக் கருவி என்றே வைத்திருந்தது. ஊசி வாங்க வருபவர் சட்டைக் கையை மடக்கினால் புண் தெரியும். ஆகவே ஊசி கொடுக்கும் மேசையே கட்டுப் போடும் மேசையும் ஆயிற்று. மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் ஊதியமின்றி வந்து உதவினார்கள்.

இந்த மேசைக்குக் கூட்டாட்சிப் பணம் வர வழியில்லை. ஊசிப் பரிமாற்றத்துக்கு அரசு நிதி தரக்கூடாது என்று அமெரிக்கக் காங்கிரஸ் 1988இல் தடை போட்டது. 2009இன் இறுதியில் தடை நீங்கியது, 2011இன் இறுதியில் திரும்பி வந்தது, 2015இன் இறுதியில் பாதி தளர்ந்தது. அதன்பின் ஊழியர் சம்பளத்துக்கும் வண்டிக்கும் பணம் வாங்கலாம், ஊசிக்கு மட்டும் வாங்கக்கூடாது.

பிறகு வந்தது சைலசின். 1962இல் பேயர் நிறுவனம் உருவாக்கிய மருந்து அது; குதிரைக்கும் மாட்டுக்கும் மயக்கம் கொடுக்கக் கால்நடை மருத்துவர்கள் வைத்திருப்பது. 2000களில் போர்ட்டோ ரிக்கோவின் போதைச் சந்தையில் கலப்படமாகத் தலைகாட்டி, அடுத்துப் பிலடெல்பியாவுக்குள் நுழைந்தது. அங்கே ஹெராயினோ ஃபென்டனில் என்ற செயற்கைப் போதைமருந்தோ அளவு மீறி இறந்தவர்களில் சைலசின் காணப்பட்டவர்கள் 2010 முதல் 2015 வரை 2 சதவீதத்துக்கும் குறைவு. 2019இல் 31 சதவீதம். தெருவில் அதற்கு ‘டிராங்க்’ என்று பெயர். இது உண்டாக்கும் புண் பழைய சீழ்க்கட்டி அல்ல. ஊசி குத்தாத இடத்திலும் வரும். முழங்கைக்குக் கீழும் கணுக்காலுக்கு மேலும் தோல் செத்துக் கறுத்துப் பக்காகும்; கவனிக்காமல் விட்டால் எலும்புவரை போகும், சிலருக்குக் கையையோ காலையோ எடுக்க வேண்டிவரும்.

சிகிச்சை முறை எளிது, நேரம்தான் பிடிக்கும். பழைய கட்டைப் பிய்த்து எடுக்கக்கூடாது. உப்புநீரில் ஊறவைத்துக் கழற்ற வேண்டும். சோப்பும் தண்ணீரும் போதும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புதுத் தசையைக் கெடுக்கும். வாசலின் தோய்த்த காஸ் துணியை ஒட்டாமல் பரப்பி, மேலே ஈரம் உறிஞ்சும் பட்டையை வைத்து, சுருள் துணியால் சுற்ற வேண்டும். முடிந்தால் தினமும், பல வாரங்களுக்கு. குழாயும் இல்லாமல் கூரையும் இல்லாமல் நடைபாதையில் படுப்பவருக்கு இந்த எளிய முறையே எட்டாதது. மருத்துவமனைக்குப் போனாலோ, சில மணி நேரத்தில் போதை விலகும் வேதனை தொடங்கிவிடும். அதற்கு மருந்து கிடைக்காதவர் பாதிச் சிகிச்சையிலேயே எழுந்து போய்விடுவார். போதை மீட்பு இல்லங்களில் பலவும், கட்டுப் போட ஆளில்லை என்று, பெரிய புண்ணோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பின.

ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீடு இருந்தும் அது தெருவுக்கு இறங்கி வரவில்லை. அதே மாநிலத்தின் பிட்ஸ்பர்க்கில் மருத்துவர் ஜிம் விதர்ஸ் 1992இலேயே பாலத்தடியில் படுப்பவர்களைத் தேடிப்போய் வைத்தியம் பார்க்கத் தொடங்கியிருந்தார். ஆனால் பென்சில்வேனியா மெடிக்கெய்ட் தெரு வைத்தியத்துக்குப் பணம் தர முன்வந்தது 2023 ஜூலையில்தான். காப்பீட்டுப் படிவத்தில் சிகிச்சை நடந்த இடத்துக்கு ஒரு குறியீட்டு எண் போட வேண்டும். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் சிறைக்கும்கூட எண் உண்டு. தெருவுக்கென்று 27 என்ற எண் நடைமுறைக்கு வந்தது 2023 அக்டோபரில்.

இதற்கிடையில் பெரிய தொகை ஒன்று வந்து சேர்ந்தது. வலி மாத்திரைகளைக் கட்டுப்பாடின்றிப் பரவவிட்டதாகத் தொடுத்த வழக்குகளில், மூன்று மருந்து விநியோக நிறுவனங்களும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் 2021இல் 2,600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. 1998இல் புகையிலை நிறுவனங்களிடம் வாங்கிய பணத்தில் பெரும்பகுதியை மாநிலங்கள் வேறு செலவுகளுக்குத் திருப்பிவிட்ட அனுபவம் இருந்ததால், இம்முறை குறைந்தது 85 சதவீதம் போதைச் சிக்கலைத் தணிக்கவே போக வேண்டும் என்று நிபந்தனை வைத்து, செய்யத்தக்க வேலைகளின் பட்டியலையும் இணைத்தார்கள். ஊசிப் பரிமாற்றத் திட்டங்களை விரிவாக்குவது அந்தப் பட்டியலின் முதன்மையான தலைப்புகளில் ஒன்று.

பிலடெல்பியாவின் பங்கு 18 ஆண்டுகளில் சுமார் 20 கோடி டாலர். அதில் ஒரு பகுதி நடமாடும் சிகிச்சைக்குப் போனது. 75 லட்சம் டாலர் கென்சிங்டன்வாசிகளின் வீடுகளையும் பள்ளிகளையும் பூங்காக்களையும் சீர்செய்ய ஒதுக்கப்பட்டது. சந்தையின் தொல்லையை அனுபவித்தவர்கள் அவர்கள் என்பது நகரத்தின் வாதம். நிதியைக் கண்காணிக்கும் மாநில அறக்கட்டளை 2024இல் இந்தச் செலவை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு பதவிக்கு வந்த மேயர் செரெல் பார்க்கர், ஊசிக்கு நகரப் பணம் கிடையாது என்று நிறுத்தினார். ஊசி மேசைக்கு வருபவர் குறைந்தால் கட்டு மேசைக்கும் வருபவர் குறைவார் என்பதுதான் தொண்டு அமைப்புகளின் கவலை. 2025இல் நகர மன்றம் நடமாடும் சேவை வண்டிகள் அப்பகுதியில் எங்கே நிற்கலாம் என்பதற்கும் எல்லை வகுத்தது.

2024இலிருந்து சந்தையில் சைலசினின் இடத்தை மெடிடோமிடின் என்ற இன்னொரு கால்நடை மயக்க மருந்து பிடித்துவருகிறது. அது விலகும்போது இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டியிருக்கிறது. பழைய புண்களுக்கோ இன்னும் கட்டுப் போட வேண்டியிருக்கிறது. ஒப்பந்தப்படி இழப்பீட்டுத் தவணைகள் 2030களின் பிற்பகுதிவரை வரும்.