கதை பாடிய இரு அரங்குகள்

திருவனந்தபுரத்துக் கோட்டைப் பகுதியை அடுத்துள்ளது ஸ்ரீவராகம். வராக மூர்த்தியின் கோயிலும் அதன் அகன்ற திருக்குளமும் அப்பகுதியின் அடையாளங்கள். தமிழ்க் குடும்பங்கள் பல அங்குத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் கேட்டு வளரும் குழந்தைக்கு எம்மொழியில் கதை சொல்வது? வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் பலரும் எதிர்கொள்ளும் வினா இது. கதையை இசையாக்கி வழங்கிய இரு அரங்குகளின் வரலாறு இதற்கு ஓரளவு விடை பகரும்.

ஒன்று, கடல் கடந்தது. மாற்றாந்தாயின் வீட்டில் அடுப்புச் சாம்பலில் உழன்ற சிண்டரெல்லா அரசியான கதையை அறியாதார் இலர். இதையொத்த கதையொன்று 9ஆம் நூற்றாண்டுச் சீன நூலிலேயே காணப்படுகிறது. பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிக் காலணியும் 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ வெளியிட்ட நூலின்வழிப் புகழ்பெற்றவை. 1957 மார்ச் 31 அன்று இக்கதை இசை நாடகமாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியது. ரிச்சர்ட் ராஜர்ஸ் இசையமைத்தார். ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் உரையாடலும் பாடல்களும் இயற்றினார். மேடைக்கெனப் படைத்துவந்த அவ்விருவரும் தொலைக்காட்சிக்கென்றே எழுதிய நாடகம் இதுவே. ஜூலி ஆண்ட்ரூஸ் நாயகியாக நடித்தார். சி.பி.எஸ். நிறுவனம் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பிய இதனைப் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் கண்டதாக மதிப்பிடப்பட்டது.

அன்று வண்ணத்தில் ஒளிர்ந்த காட்சியின் கறுப்பு வெள்ளைப் படச்சுருள் மட்டுமே இன்று எஞ்சியுள்ளது. ஆயினும் நாடகம் மறையவில்லை. 1965இலும் 1997இலும் அது தொலைக்காட்சிக்கெனப் புதிதாக உருப்பெற்றது. மூன்றாம் முறை நாயகியாக நடித்தவர் கறுப்பினப் பாடகி பிராண்டி. உரையாடல் மாறிற்று, நடிகர் மாறினர், பாடல்களுட் பெரும்பாலானவை நிலைத்தன.

மற்றோர் அரங்கு, நம் திருவனந்தபுரத்துக்கே உரியது. 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜாவின் அவையைத் தஞ்சையிலிருந்து வந்த கலைஞர் பலர் அணி செய்தனர். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அவர்களுள் ஒருவர். கதாகாலட்சேபத்தில் வல்லவரான மேருசுவாமி மற்றொருவர். அக்கலைக்கென மகாராஜா குசேலோபாக்கியானம், அஜாமிளோபாக்கியானம் என்னும் இரு நூல்களை வடமொழியில் இயற்றினார்.

குசேலரின் கதையும் வறுமை அகன்ற கதையே. எனினும் ஒரு வேற்றுமை உண்டு. சிண்டரெல்லா இரவல் ஆடையில் தன்னை மறைத்து அரண்மனை புகுந்தாள். குசேலரோ கந்தல் ஆடையுடன், ஒரு பிடி அவலை முடிந்துகொண்டு, உள்ளபடியே சென்றார். கண்ணன் அவரை அடையாளம் காணக் காலணி எதுவும் தேவைப்படவில்லை.

மேருசுவாமியின் குரலைப் பதிந்துவைக்க அன்று கருவி இல்லை. எழுதப்பட்ட நூல் எஞ்சியது. 1939இல் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக்கழகத்தின் முதல் தலைவராக விளங்கிய ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், அவருக்குப் பின் பொறுப்பேற்ற செம்மங்குடி சீனிவாச ஐயரும் மகாராஜாவின் கீர்த்தனைகளை நாடெங்கும் பரப்பினர். இருவரும் தமிழ்நாட்டினர், அவருள் முத்தையா பாகவதர் தாமே காலட்சேபம் செய்வதில் பெயர் பெற்றவர்.

காலட்சேபத்தின் அமைப்பை நோக்கினால் நம் வினாவுக்கு விடை கிட்டும். பாகவதர் வடமொழிச் சுலோகமும் தெலுங்குக் கீர்த்தனையும் மராத்திய அபங்கமும் பாடுவார். ஆயின் கதையை மட்டும் அவையோரின் மொழியிலேயே சொல்வார். பாடல் எம்மொழியதாயினும், பொருளை உள்ளத்திற் சேர்ப்பது அவ்வுரைநடையே. அதனாலன்றோ மராத்தியர் கொணர்ந்த கலை தஞ்சையில் தமிழ் பேசக் கற்றது!

ஆதலின், ஸ்ரீவராகத்துப் பாட்டி இரயிம்மன் தம்பியின் மலையாளத் தாலாட்டைப் பாடலாம். பேரன் ஆங்கிலப் பாட்டொன்றை முணுமுணுக்கலாம். அவற்றால் தமிழுக்குக் குறைவு நேராது. பாட்டு முடிந்து, "பிறகு என்ன ஆயிற்று?" என்று குழந்தை கேட்கும்போது, அதற்குரிய மறுமொழி தமிழில் அமைய வேண்டும். அம்மறுமொழியை எந்த ஒளிபரப்பும் நமக்காகச் சொல்லித் தாராது.