விரட்டியவர்களே திரும்ப அழைத்த டியூக்

பிரிட்டனி என்றதும் பிரிட்டன் என்று நினைத்துவிடாதீர்கள். பிரான்சின் வடமேற்கு மூலையில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி இது. இடைக்காலத்தில் இதை ஆண்டவருக்கு 'டியூக்' என்று பட்டம். ஒரு பக்கம் பிரான்ஸ், கடலுக்கு அப்பால் இங்கிலாந்து. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதே நிலைமைதான்!

1341-ல் டியூக் மூன்றாம் ஜான் பிள்ளை இல்லாமல் இறந்தார். அவர் தம்பி மகள் ழான் பட்டத்துக்கு உரிமை கோரினார். அவரது கணவர் சார்லஸ் பிரெஞ்சு மன்னரின் மருமகன் முறை. எனவே பிரான்ஸ் அந்தப் பக்கம். மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பியான மோன்ஃபோர் ஜானும் உரிமை கோரினார். அவர் போய் நின்றது இங்கிலாந்திடம். சண்டை 23 வருடம் நடந்தது. 1345-ல் மோன்ஃபோர் இறந்துவிட, அவருடைய சிறுவயது மகன் இங்கிலாந்து அரண்மனையில் வளர்ந்தான்.

நம் கதாநாயகன் அந்தப் பையன்தான். 1364 செப்டம்பர் 29 அன்று ஓரே என்ற இடத்தில் நடந்த போரில் சார்லஸ் கொல்லப்பட்டார். மறுவருடம் கெராந்த் ஒப்பந்தப்படி இவர் நான்காம் ஜான் என்ற பெயரில் டியூக் ஆனார்.

ஆனால் சுதந்திரம் கிடைத்துவிட்டதா? இல்லை. பிரெஞ்சு மன்னர் ஐந்தாம் சார்லஸுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டியிருந்தது. 1366-ல் செய்தார். ஆனால் மன்னருக்கு முழுதாகக் கட்டுப்பட்டவர் என்று பொருள் வராதபடி பிடிகொடுக்காமல் செய்தார்!

இன்னொரு பக்கம் இங்கிலாந்துக்குப் பட்ட கடன். கோட்டைகளில் ஆங்கில வீரர்கள், ஆலோசனை சொல்ல ஆங்கிலேயர்கள், மக்கள் தலையில் வரி. 1372-ல் இங்கிலாந்தோடு ரகசிய ஒப்பந்தம் வேறு. உள்ளூர்ப் பிரபுக்கள் வெறுத்துப்போய் பிரெஞ்சுப் படைக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். 1373-ல் ஜான் இங்கிலாந்துக்கு ஓடினார்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஐந்தாம் சார்லஸ் அவசரப்பட்டார். 1378 டிசம்பரில், பிரிட்டனி இனி பிரெஞ்சு மன்னரின் சொத்து என்று தீர்ப்பு வந்தது. இந்த இடத்தில்தான் திருப்பம். ஜானை விரட்டிய அதே பிரபுக்கள் கொதித்தெழுந்தார்கள். ஓரே போரில் கணவனைப் பறிகொடுத்த ழானும் எதிர்த்தார். ஏனென்றால் அந்தத் தீர்ப்பு அவர் குடும்பத்தின் உரிமையையும் சேர்த்து விழுங்கியது. டியூக்கைப் பிடிக்காமல் இருக்கலாம், டியூக்கே வேண்டாம் என்பது வேறு!

1379 ஆகஸ்டில் ஜான் செயின்ட் மாலோ அருகே கரை இறங்கியபோது விரட்டியவர்களே வரவேற்றார்கள். 1380-ல் சார்லஸ் இறந்தார். 1381-ல் இரண்டாவது கெராந்த் ஒப்பந்தம் வந்தது. ஜான் மீண்டும் பிரமாணம் செய்தார், இழப்பீடு தர ஒப்புக்கொண்டார். பதிலுக்கு நாடு அவர் கைக்கு வந்தது. இங்கிலாந்திடம் கொடுத்திருந்த பிரெஸ்ட் கோட்டை மட்டும் 1397-ல்தான் திரும்பியது.

ஜானைப் பெரிய வீரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு எஜமானனைக் காட்டி இன்னொரு எஜமானனைச் சமாளித்தவர், அவ்வளவே. 1379-ல் அவரைக் காப்பாற்றியது இங்கிலாந்தின் வாள் அல்ல. தங்கள் மண் தங்களுடையதாக இருக்கவேண்டும் என்று நினைத்த, அவரைக் கொஞ்சமும் பிடிக்காத மனிதர்கள். 1532-ல் பிரிட்டனி பிரான்சோடு இணைக்கப்பட்டது. அதுவரை 150 வருடம் தாக்குப்பிடிக்க வழிசெய்தது அந்தக் கோபம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?