குடத்துக்குள் ஒரு ராஜ்யம்

சென்ற வாரம், 1929இல் லாதரன் உடன்படிக்கையால் ரோமாபுரியின் நடுவே 44 ஹெக்டேர் பரப்பில் தனியரசாக ஸ்தாபிதமான வத்திக்கானைக் கண்டோம். அத்தகைய வைதிக ராஜ்யம் நம் பக்கத்தில் உண்டா என்று வினவுவோரை அதிக தூரம் அலைக்கழிக்கப் போவதில்லை. பிள்ளைப்பாக்கத்துச் சிப்காட்டில் ஷிப்டு மாறும் நேரத்து வாகன நெரிசலினின்று விடுபட்டு, தெற்கே உத்திரமேரூருக்குப் போய், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரின் முன் நின்றால் போதும்.

வேதம் வல்ல அந்தணர்க்குப் பிரமதேயமாக விடப்பட்ட இச்சதுர்வேதிமங்கலத்தின் மகாசபை, முதற் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921இல், வாரியங்கள் என்னும் தன் நிர்வாகக் குழுக்களின் தேர்தல் விதிகளைச் சாசனமாகப் பொறித்து வைத்தது. ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, தகுதியுடையோர் பெயரை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிக்க, அந்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையிலே ஏற்று, சபையார் கேட்க வாசிப்பான். விரல்களை ஏன் விரிக்க வேண்டும்? வேறோர் ஓலை அங்கே ஒளிந்திருத்தலாகாது என்பதற்குத்தான்! கர்தினால்கள் கூடிப் போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கும் 'சாவியிட்ட அறை' என்னும் பொருளுடைய லத்தீன் பெயரே வழங்குகிறது. பக்தர்கள் ஆண்டவனை நம்பினாலும் ஒருவரையொருவர் அவ்வளவாக நம்புவதில்லை போலும்.

ஆயினும் இதனைக் குடியரசு என்று மேடைகளில் முழங்குவது எனக்கு உடன்பாடன்று. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கு மேல் 70க்குட்பட்ட வயதும், வேதப் பயிற்சியும் வேண்டுமெனில், வயலில் இறங்கி உழுதவனுக்கும் பெண்டிர்க்கும் அந்தக் குடத்தில் ஓலையில்லை. சுதந்திரமும் பூரணமன்று; 919இல் அரசனது அதிகாரியான தத்தனூர் மூவேந்தவேளான் உடனிருக்கவே சபை இவ்வியவஸ்தையைச் செய்தது. வத்திக்கானுக்கு உள்ளது போன்ற தூதர்களோ நாணயமோ இவ்வூருக்கு இல்லை.

சபையார் உண்மையில் ஆண்டது நீரையும் நிலத்தையும் பொன்னையுந்தான். ஏரி வாரியத்துக்கு 6 பேர், பொன் வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். பதவி 360 நாள். வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன் மட்டுமன்றி, அவனுடைய சிற்றன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என உறவுமுறைகளைக் கல் அடுக்கிக்கொண்டே போகிறது. அவன் மாமனாரின் ஓலைக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை.