மூன்றிலிருந்து ஐந்துக்கு: ஒரு தாவலின் வரலாறு



மெர்கோங் வட்டாரத்துப் பெற்றோர் சிலர் பள்ளியாண்டின் தொடக்கத்தில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. தம் பிள்ளைக்கு இவ்வாண்டுப் பாடமெல்லாம் முன்பே தெரியும், மேல் வகுப்பில் சேர்க்கலாகாதா என்பதே அது. இக்கேள்விக்கு நம் நாட்டில் ஒரு வரலாறு இருப்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

1964 வரை ஆறாம் வகுப்பின் முடிவில் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு இருந்தது. தேறியவர் மேலே சென்றனர். தேறாதோரில் பலருக்குப் படிப்பு அங்கேயே நின்றது. தோட்டப் பிள்ளைகளுக்கு அந்த வாசல் எவ்வளவு குறுகலானது என்பதை நம் பெரியவர்கள் அறிவார்கள். அத்தேர்வு நீங்கியபின் 1965 முதல் மாணவர் அனைவரும் தாமாகவே மேல் வகுப்புக்கு ஏறும் முறை வந்தது. வயது கூடினால் வகுப்பும் கூடும் என்றாயிற்று.

அதன்பின் வந்தது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். தொடக்கக் கல்வி ஆறாண்டுக்கென வகுக்கப்பட்டது, ஆயினும் 5 முதல் 7 ஆண்டுகளுக்குள் அதனை முடிக்கலாம் என்று அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு கூறுகிறது. அதே 1996இல் மூன்றாம் ஆண்டு மாணவர்க்கு ‘பெனிலாயான் தாஹாப் சத்து’ என்னும் முதற்படிநிலை மதிப்பீடு தொடங்கியது. சுருக்கமாகப் பி.டி.எஸ். என்போம். அதில் சிறந்து விளங்கிய பிள்ளை, பெற்றோர் இசைவுடன், நான்காம் ஆண்டைத் தாண்டி நேரே ஐந்தாம் ஆண்டுக்குச் செல்லலாம்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று இருந்தது. அக்காலத்தில் யு.பி.எஸ்.ஆர். தேர்வில் மலாய்மொழியில் குறைந்த அளவுத் தேர்ச்சியேனும் பெறாத நம் பிள்ளைகள், முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்தாக வேண்டும். தாவிய பிள்ளை 11 வயதில் யு.பி.எஸ்.ஆர். எழுதும். மலாய்மொழியில் தவறினால், புகுமுக வகுப்பை முடித்து 13 வயதில் முதலாம் படிவம் சேரும். தாவாமலே நேராக வந்த தோழனும் 13 வயதில் அதே வகுப்பில் அமர்ந்திருப்பான். ஒன்பது வயதில் ஈட்டிய ஓராண்டு பன்னிரண்டில் கைவிட்டுப் போகும்! ஆகவே கணிதத்தில் முந்தியிருப்பது மட்டும் போதாது, மொழியிலும் பிள்ளை ஊன்றி நிற்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

ஐந்தாண்டுகளே இத்தேர்வு நடந்தது. பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளை அளவுக்கு மீறி நெருக்குகின்றனர் என்ற கவலையால் 2001இல் கைவிடப்பட்டது. திறனை அறிய வந்த கருவி, பயிற்சி கொடுத்து வெல்லும் பந்தயமாயிற்று.

அப்படியானால் தாவலே தவறா? அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகம் 2004இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, தகுந்த பிள்ளைகளை முன்னேற்றுவது கல்வியில் நற்பயனே தருகிறது என்று காட்டியது. ஆனால் அங்கே முடிவெடுக்கும் முறை வேறு. அங்குள்ள வல்லுநர் வகுத்த அளவுகோல் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. வளர்ச்சி, பழகும் பாங்கு, பள்ளியின் மனநிலை ஆகியவற்றையும் பார்க்கிறது. சேரப்போகும் வகுப்பில் உடன்பிறந்தவர் இருந்தால் வேண்டாம் என்கிறது. ஆண்டுக்கு ஒரே வகுப்புள்ள நம் சிறிய பள்ளிகளுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது, பாருங்கள்! பிள்ளைக்கே விருப்பமில்லையென்றாலும் தாவல் கூடாது. நாமோ பெற்றோரின் இசைவைக் கேட்டோம். பிள்ளையின் விருப்பத்தை எத்தனை பேர் கேட்டோம்?

விளையாட்டுத் திடலில் இச்சிக்கல் குறைவு. பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் 12 வயதுக்குட்பட்டோர் என்னும் பிரிவைப் பிறந்த ஆண்டே முடிவு செய்கிறது. உடல் வளர்ச்சிக்கு அங்கே மதிப்புண்டு. வகுப்பறையிலும் பத்து வயதுப் பிள்ளை பத்து வயதுப் பிள்ளைதான். பாடம் தெரிந்ததனால் மனம் பதினொன்றாகிவிடாது.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. சட்டம் ‘5 முதல் 7’ என்றது. ஐந்தாண்டில் முடிப்பதைப் பற்றியே ஊரெல்லாம் பேசியது. ஏழாண்டு வேண்டிய பிள்ளையைப் பற்றிப் பேசியவர் மிகச் சிலரே. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளையும் வயதின் துணையால் ஏறிக்கொண்டே போகிறது.

பி.டி.எஸ். போன்ற பொதுவழி இன்று இல்லை, யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021இல் நீக்கப்பட்டது. வகுப்பறை மதிப்பீடும் அதன் ஆறு அடைவுநிலைகளும் நம் கையில் உள்ளன. முந்தும் பிள்ளைக்கு அதே வகுப்பில் கடினமான பணியும் கூடுதல் நூல்களும் தருவோம். பிந்தும் பிள்ளைக்குக் காலம் தருவோம். ஒரு நாள் தேர்வு சொல்லாததை, ஆண்டு முழுதும் உடனிருக்கும் ஆசிரியர் சொல்ல முடியும். பெற்றோர் அவரிடம் கேட்க வேண்டும். அவரும் அஞ்சாமல் உண்மையைச் சொல்ல வேண்டும்.