வீட்டில் ஒருவருக்கு மூளை ஆபரேஷனா? அந்த ஆறு மணி நேரத்தைவிட, அதற்குப் பிறகான ஆறு மாதங்கள் முக்கியம்!

'ஸ்கேன்ல ஒரு கட்டி தெரியுதுங்க' என்று டாக்டர் சொன்னதும், அதற்குப் பிறகு அவர் சொல்லும் எதுவும் காதில் விழாது. எங்களுக்கும் விழவில்லை. ஈரோட்டில் இருக்கும் என் அத்தைக்கு அடிக்கடி தலைவலி. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர் என்பதால், 'கண்ணாடி பவர் ஏறியிருக்கும்' என்று எல்லோரும் நினைத்தோம். ஒருநாள் தையல் மெஷின் முன்னாலேயே வலிப்பு வந்து விழுந்த பிறகுதான் எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் உறையில், இடது பக்க முன்பகுதியில் கட்டி.

அதற்குப் பிறகு நடந்ததில் நாங்கள் சரியாகச் செய்தது கொஞ்சம், தப்பாகச் செய்தது நிறைய. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நிலை வந்தால், 'நீதானே படிச்ச பிள்ளை, போனெல்லாம் பார்க்கத் தெரியும்' என்று ஃபைலைத் தூக்கி உங்கள் கையில்தான் கொடுப்பார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

பத்து நிமிஷத்தில் என்ன கேட்பது?

முதலில் ஒரு விஷயம். கட்டி என்றாலே கேன்சர் இல்லை. அத்தைக்கு வந்த 'மெனிஞ்சியோமா' வகைக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாதவை. எந்த வகை என்பது, எடுத்த கட்டியின் துண்டைப் பரிசோதித்து பயாப்ஸி ரிப்போர்ட் வந்த பிறகுதான் உறுதியாகும். அதுவரை கூகுளில் தேடித் தேடி ராத்திரியெல்லாம் முழித்திருக்காதீர்கள். நான் அப்படித்தான் முழித்திருந்தேன், ஒரு பிரயோஜனமும் இல்லை.

சர்ஜனிடம் கிடைக்கும் நேரம் குறைவு. கேள்விகளை முன்கூட்டியே போனில் டைப் செய்துகொண்டு போங்கள். அவர் அனுமதித்தால் பேசுவதை ரெக்கார்டு செய்துகொள்ளுங்கள். கட்டி இருக்கும் இடத்தில் மூளையின் எந்த வேலை நடக்கிறது? முழுவதும் எடுக்க முடியுமா, கொஞ்சம் விட்டுவைப்பீர்களா? ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு, கை கால், பார்வை, குணம் இவற்றில் எது பாதிக்கப்படலாம்? இந்தக் கடைசிக் கேள்வியை நாங்கள் கேட்கவில்லை. 'உயிருக்கு ஆபத்தில்லையே டாக்டர்?' என்பதையே நாலு விதமாக மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டோம். அதன் விலையைப் பிறகு கொடுத்தோம்.

ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக வைக்கும் மாத்திரை எது சாப்பிட்டாலும் சொல்லுங்கள். நாட்டு மருந்து, சூரணம், கஷாயம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம். ஸ்கேன் ஃபிலிமோடு சி.டி-யையும் கேட்டு வாங்கி வையுங்கள். வேறு டாக்டரிடம் ஒரு கருத்துக் கேட்கப் போனால் அதுதான் கைகொடுக்கும்.

'மூளையில கத்தி வைக்கிறதா!' என்று வீட்டுப் பெரியவர்கள் பதறுவார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு தகவல்: வேலூர் சி.எம்.சி-யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி மூளை நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியது 1949-ல். அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி.ராமமூர்த்தி தொடங்கினார். நம்ம ஊருக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. எங்கள் அப்பத்தா இதைக் கேட்ட பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

செலவைப் பொறுத்தவரை, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். வி.ஏ.ஓ-விடம் வாங்கும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் அட்மிஷனுக்கு முன்பே தயார் செய்துவிடுங்கள். தனியார் பாலிசி என்றால், முன் அனுமதிக்கு எத்தனை நாள் ஆகும் என்று மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் கேளுங்கள்.

மூக்குத்தியும் மெட்டியும்

இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். எம்.ஆர்.ஐ அறைக்குள்ளும் ஆபரேஷன் தியேட்டருக்குள்ளும் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. அத்தையின் மூக்குத்தி கல்யாணத்துக்கு முன்பு போட்டது, திருகாணி அசையவே இல்லை. ஸ்கேன் அறை வாசலில் அரை மணி நேரம் எண்ணெய் போட்டுப் போராடினோம். பின்னால் ஒரு வரிசையே காத்திருந்தது. மெட்டி, மூக்குத்தி, வளையல் எல்லாவற்றையும் முந்தின நாளே கழற்றிவிடுங்கள். முடியாவிட்டால் பத்தரிடம் போங்கள். தாலியைக் கழற்றச் சொன்னால் பல அம்மாக்கள் உடைந்துவிடுவார்கள். வெறும் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டிக்கொள்ளலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள். அத்தைக்கு அப்படித்தான் செய்தோம். அன்றைக்கு அவருக்கு அது ஆபரேஷனைவிடப் பெரிய விஷயமாக இருந்தது.

தலைமுடியும் அப்படித்தான். பல இடங்களில் இப்போது முழுவதும் மழிக்காமல், வெட்டும் கோட்டை ஒட்டி மட்டும் எடுக்கிறார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை நோயாளியிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ரத்தம் ஏற்பாடு செய்யச் சொல்வார்கள். 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்கு மேல் எடையும் ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமலும் இருக்கும் நண்பர்களை முன்பே சொல்லி வையுங்கள். ராத்திரி சரக்கு அடித்துவிட்டு வரும் மச்சான்களை நம்ப வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஐ.சி.யூ கதவுக்கு உள்ளே

ஆபரேஷன் 'நல்லபடியா முடிஞ்சது' என்று சொன்ன பிறகு உள்ளே போய்ப் பார்த்தால், உங்களுக்குத் தலை சுற்றலாம். தலையில் கட்டு, குழாய்கள், வீங்கிய முகம். சிலருக்கு ஒரு கண் மூடியே இருக்கும். இந்த வீக்கம் முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாளில் அதிகமாகித்தான் பிறகு வடியும். இது தெரியாமல் மாமா மறுநாள் டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டார்.

நர்ஸ் அடிக்கடி எழுப்பி 'பேர் என்ன? இது எந்த இடம்? என் கையைப் பிடிங்க' என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தூங்கவிடாமல் படுத்துகிறார் என்று கோபப்படாதீர்கள். கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றுக்கும் மதிப்பெண் போடும் 'கிளாஸ்கோ' அளவுகோல் அது. முழு விழிப்பு என்றால் 15, மிகக் குறைவு 3. அந்த எண் குறைந்தால் உள்ளே ரத்தக்கசிவோ வீக்கமோ இருக்கலாம் என்று உடனே ஸ்கேனுக்குக் கொண்டு போவார்கள்.

நீங்கள் உள்ளே போகும் ஐந்து நிமிஷத்தில், 'நான் யாரு தெரியுதா?' என்று பரீட்சை வைக்காதீர்கள். மருந்து மயக்கத்திலும் ஐ.சி.யூ வெளிச்சத்திலும் பகல் எது, இரவு எது என்றே அவர்களுக்குத் தெரியாது. சிலர் இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசுவார்கள். 'நான்தான் உங்க மக வந்திருக்கேன். இன்னைக்கு புதன்கிழமை. ஆபரேஷன் முடிஞ்சிருச்சு' என்று நீங்களே சொல்லிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், போதும்.

வீட்டுக்கு வந்த பிறகு

வீட்டுக்கு அனுப்பிவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. குளித்துவிட்டு வந்தாலே களைத்துப்போய்ப் படுத்துவிடுவார் அத்தை. 'நல்லா நடக்க விட்டாத்தான் உடம்பு தேறும்' என்று எழுப்பி எழுப்பி உட்கார வைத்தோம். மூளை ஆபரேஷனுக்குப் பிறகான களைப்பு சோம்பேறித்தனம் இல்லை, சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓய்வு என்று போகட்டும். டி.வி சத்தம், கூட்டம் இரண்டும் சீக்கிரம் களைக்க வைக்கும். ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வரும் சொந்தக்காரர்களிடம், 'பத்து நாள் கழிச்சு வாங்க' என்று சொல்ல வீட்டில் ஒருவர் கெட்ட பெயர் எடுத்துத்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அது நான்.

மாத்திரைகளுக்குப் போனில் அலாரம் வையுங்கள். வீக்கம் குறைக்கத் தரும் ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள், திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. அது சர்க்கரையை ஏற்றும், பசியைக் கிளப்பும், தூக்கத்தைக் கெடுக்கும். வலிப்பு மாத்திரையை 'வலிப்புதான் வரலையே' என்று நீங்களாக விடவே கூடாது.

அப்படியே வலிப்பு வந்தால் சாவிக்கொத்தையோ இரும்பையோ தேடி ஓடாதீர்கள். இரும்பால் எந்த வலிப்பும் நின்றதில்லை. வாயில் ஸ்பூன், துணி எதையும் திணிக்கக் கூடாது. பக்கத்தில் இடிக்கிற பொருள்களை நகர்த்திவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மணியைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலோ, ஒன்று முடிந்து நினைவு திரும்பும் முன்பே அடுத்தது வந்தாலோ உடனே 108.

காய்ச்சல், தையலில் சீழ், மூக்கிலோ தையல் வழியாகவோ தண்ணீர் மாதிரி வடிவது, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், கை கால் புதிதாக வலுவிழப்பது... இதில் எதற்கும் 'காலையில பார்த்துக்கலாம்' கிடையாது. வண்டி ஓட்டுவது, மாடிப்படி, அடுப்படியில் தனியாக நிற்பது எல்லாவற்றையும் டாக்டரிடம் கேட்ட பிறகே அனுமதியுங்கள்.

'இது எங்க அத்தையே இல்ல!'

மாமாவை 'என்னங்க' என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிடாதவர் அத்தை. மூன்றாவது வாரம், ரசத்தில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு, 'அறிவிருக்கா உனக்கு?' என்று மாமாவைப் பார்த்துக் கத்தினார். அத்தனை பேரும் உறைந்துபோனோம். மாமா எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார்.

நாங்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கான பதில் அதுதான். கோபத்தை அடக்குவது, யோசித்துப் பேசுவது, ஒரு வேலையைத் தொடங்குவது எல்லாம் மூளையின் முன்பகுதி பார்க்கும் வேலை. அங்கே கட்டியும் ஆபரேஷனும் என்றால் குணம் மாறலாம். சிலர் எரிந்து விழுவார்கள், சிலர் எதிலும் ஒட்டாமல் சுவரையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள். பலருக்கு மெதுவாகச் சரியாகும். சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மருந்தும் காரணமாக இருக்கலாம். அத்தை சாப்பிட்டுக்கொண்டிருந்த லெவெடிராசிடம் என்ற வலிப்பு மாத்திரை சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். ரிவ்யூவில் இதைச் சொன்னதும் டாக்டர் மாத்திரையை மாற்றினார். கோபம் முழுதாகப் போகவில்லை, பாதியாகக் குறைந்தது. வீட்டு விஷயம், வெளியே சொல்லக் கூடாது என்று மறைத்திருந்தால் அந்தப் பாதியும் குறைந்திருக்காது.

பேச்சும் தடுமாறும். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே 'அது... வெட்டுறது...' என்று தேடுவார். ஓடிப்போய் நாமே வார்த்தையை எடுத்துக்கொடுக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருங்கள். பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் சீக்கிரமே அழைத்துப் போவது நல்லது. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிறவர் என்றால், எந்த மொழி முதலில் திரும்பும் என்று சொல்ல முடியாது. எது வருகிறதோ அதில் பேசுங்கள்.

யார் பார்த்துக்கிறது?

நம் வீடுகளில் இதற்குப் பதில் ஏற்கெனவே தயாராக இருக்கும்: மகள், இல்லையென்றால் மருமகள். அத்தை மகள் சம்பளமில்லாத விடுமுறையில் வந்து, இரண்டு மாதம் ராத்திரி தூங்கவில்லை. ஆண்கள் எல்லோரும் பில் கட்டினோம், மாத்திரை வாங்கினோம், வண்டி ஓட்டினோம். அது எல்லாமே வெளியே போய்க் காற்று வாங்கும் வேலை என்பது, ஒருநாள் அவள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுததைக் கேட்ட பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு இரவே ஒரு காலண்டர் அட்டையின் பின்னால் முறை எழுதினோம். செவ்வாய், வெள்ளி ராத்திரி மாமா. ஞாயிறு முழுக்க நான். மாமா முதல் தடவை தலைப்பின்னல் போட்டுவிட்ட லட்சணத்தைப் பார்த்து அத்தை சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு நாங்கள் பார்த்த முதல் சிரிப்பு.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. மெஷினில் உட்கார டாக்டர் இன்னும் விடவில்லை, கையால் கொக்கி மட்டும் வைக்கிறார். ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. கோணலாக வந்தால் பிரித்துவிட்டுத் திரும்ப வைக்கிறார், நடுவில் யாராவது உதவிக்குப் போனால் திட்டு விழும். அடுத்த எம்.ஆர்.ஐ தை மாதம். 'மூக்குத்தியை மொத நாளே கழட்டி வெச்சுடணும் கண்ணு, மறந்துறாதே' என்று போனில் என்னிடம் இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.