"ஒரு நாய்க்காகவா இப்படி அழுவாங்க?" - கொஞ்சம் வரலாறு

1/ வீட்டு நாய்க்கு கேன்சர், இனி குணமாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நீங்க உடைஞ்சு போய் உட்கார்ந்திருக்கீங்க. "ஒரு நாய்க்காகவா?"ன்னு சொந்தக்காரங்க கேட்கிறாங்க. நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன். ஆனா அந்தக் கேள்விக்கு வரலாற்றில் பதில் இருக்கு. சொல்றேன்.

2/ போடியில் இருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏலத்தோட்டங்கள். அந்த மலைச்சரிவில் நாய்னா காவல். கோம்பை நாய்க்குப் பேர் கொடுத்த கோம்பை ஊரும் இதே தேனி மாவட்டம்தான்.

3/ காவல் நாயை நம்ம ஆட்கள் எப்படி மதிச்சாங்க? திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல். 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். எருமைகளைக் காக்கப் போராடி இறந்த வீரனோடு, அவன் நாயையும் செதுக்கியிருக்காங்க. இரண்டு கள்ளர்களைக் கடிச்ச அந்த நாயின் பெயர் கோவிவன். 1400 வருஷம் கழிச்சும் பெயர் நிக்குது.

4/ அடுத்தது கர்நாடகத்தின் ஆதகூர். தக்கோலம் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் இறந்தான் இல்லையா? அந்தப் போரில் எதிர்த்தரப்பில் சண்டை போட்டவன் மணலேரன். என்ன பரிசு வேணும்னு கேட்டப்போ, அவன் கேட்டது காளி என்கிற நாயை! பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, பன்றியும் காளியும் சேர்ந்தே செத்தன. காளிக்குக் கல் நட்டு, அதுக்குப் பூசை நடக்க நிலமும் கொடுத்தார்கள். சுமார் கி.பி. 950. கல் இப்போ பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கு.

5/ ஆக, நாய்க்காக அழுவது புது நாகரிகம் இல்லை. ஆனா ஒரு விஷயம் புதுசு. காளி ஒரே நாளில் போயிடுச்சு. உங்க நாய் மாசக்கணக்கில் போகுது. ஏன்?

6/ அன்னைக்கு நாய்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்னது டிஸ்டெம்பர், ரேபிஸ் மாதிரி தொற்றுநோய்கள். 1920களில் இங்கிலாந்தில் 'தி ஃபீல்டு' பத்திரிகை மூலமா நாய்ப் பிரியர்கள் நிதி திரட்டினாங்க. லெய்ட்லா, டன்கின் என்கிற ரெண்டு பேர் அந்த ஆராய்ச்சியில் டிஸ்டெம்பருக்குத் தடுப்பூசி கண்டுபிடிச்சாங்க. சோதனைக்கு உதவியது கீரி போல இருக்கும் ஃபெரட்.

7/ சுவாரசியம் என்னன்னா, 1933ல் மனுஷ ஃப்ளூ வைரஸைப் பிரிச்செடுத்ததும் அதே ஃபெரட் வழியாத்தான். அந்தக் குழுவிலும் லெய்ட்லா இருந்தார். நாய் மேல வச்ச பாசம் நமக்கும் உதவியிருக்கு.

8/ தடுப்பூசி போட்ட நாய் இன்னைக்கு 12, 13 வயசு வரை வாழுது. அதனாலதான் கிட்னி ஃபெயிலியர், இதய நோய், கேன்சர் எல்லாம் பார்க்கிறோம். சாவுக்கு முன்னாடியே வர்ற இந்தத் துக்கம், நீங்க அதை நல்லா வளர்த்ததுக்கான விலை. குற்ற உணர்ச்சி வேண்டாம்.

9/ இப்போ என்ன செய்யலாம்? தினமும் ஏழு விஷயம் குறிச்சு வைங்க: வலி, சாப்பாடு, தண்ணீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், நல்ல நாள் அதிகமா கெட்ட நாள் அதிகமா. கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004ல் கொடுத்த அளவுகோல் இது. மனசு குழம்பும்போது அந்த நோட்டு உண்மையைச் சொல்லும்.

10/ தயவுசெஞ்சு நம்ம வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீங்க. பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் அதுக்கு விஷமாகலாம். வலிக்குத் தனி மருந்து இருக்கு, கால்நடை மருத்துவரைக் கேளுங்க. தேனியிலேயே அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

11/ கெட்ட நாட்களே மிச்சம்னு ஆகிட்டா, கருணைக்கொலை பற்றி அவரிடமே பேசுங்க. மயக்க மருந்தை அதிக அளவில் கொடுப்பாங்க. நினைவு தப்பின பிறகுதான் மூச்சு நிக்கும். முடிஞ்சா பக்கத்தில் இருங்க, தடவிக் கொடுங்க. குழந்தைகளிடம் "தூங்குது"ன்னு சொல்லாதீங்க, "செத்துடுச்சு"ன்னே சொல்லுங்க. இல்லைன்னா தூங்கவே பயப்படுவாங்க.

12/ அழணும்னா அழுங்க. தோட்டத்தில் புதைச்ச இடத்தில் ஒரு கல் வைக்கணும்னு தோணினா வைங்க. யாராவது சிரிச்சா, கோவிவன் கதையைச் சொல்லுங்க.