குஞ்சுகளைக் காணாத குன்றம்

திருக்கழுக்குன்றம் என்னும் ஊர்ப்பெயரில் இருக்கும் கழுகு எந்தப் பறவை? இன்றைய பேச்சுத் தமிழில் கழுகு என்றால் கூரிய நகங்களால் இரையை அடித்துத் தூக்கும் வேட்டைப்பறவையே நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் குன்றுக்கு வந்தவை இறந்த விலங்குகளைத் தின்று வாழும் பாறு இனத்தைச் சேர்ந்தவை. உடல் வெள்ளை, முகம் மஞ்சள், இறகின் ஓரம் கருமை. மஞ்சள்முகப் பாறு என்று பறவையியலார் இன்று எழுதுகின்றனர். பழந்தமிழில் பாறு, எருவை, பருந்து எனத் தனித்தனிச் சொற்கள் இருந்தன. பரணி பாடிய புலவர்களுக்குப் போர்க்களத்தில் இவற்றைப் பிரித்தறியத் தெரிந்திருந்தது. நாம் பின்னர் அனைத்தையும் கழுகு என்றோ பருந்து என்றோ சுருக்கிக்கொண்டோம். பறவைகள் கண்ணைவிட்டு மறைவதற்கு முன்பே அவற்றின் பெயர்கள் நாவைவிட்டு மறையத் தொடங்கியிருந்தன.

தாம்பரத்திலிருந்து தெற்கே செங்கல்பட்டு சென்று, அங்கிருந்து கிழக்கே திரும்பினால் வேதகிரீசுவரர் மலை தென்படும். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். மாணிக்கவாசகரும் இதற்கொரு பதிகம் பாடியிருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்கள் இங்குள்ள ஒருகல் மண்டபத்தில் தம் பெயர்களைப் பொறித்துச் சென்றனர். அயலாரையும் மலையேற வைத்த ஊர் இது.

உச்சிவேளையின் விருந்தாளிகள்

நண்பகலில் பூசாரி சர்க்கரைப் பொங்கலோடு பாறைக்கு வருவார். கூட்டம் அமைதியாகக் காத்திருக்கும். இரண்டு வெண்ணிறப் பறவைகள் வானிலிருந்து இறங்கி, கையளவு தூரத்தில் நின்று உண்டு, பறந்து போகும். காசியில் நீராடி இங்கே உண்டு வேறொரு தலத்தில் உறங்கப் போகின்றன என்று சொல்வார்கள். தலக்கதைப்படி இவை சிவனால் தண்டிக்கப்பட்ட எட்டு முனிவர்களில் எஞ்சியோர். யுகத்துக்கு ஓர் இணை விடுதலை பெற்றுச் சென்றது, கலியுகத்துக்கு உரியது இந்த இணை. பறவைகள் வராத நாளில், கூடியிருப்போரில் பாவி ஒருவன் இருக்கிறான் என்பது ஊரார் விளக்கம்.

இந்தக் கதையின் அழகை மறுக்க வேண்டியதில்லை. பிணந்தின்னி என்று பிற இடங்களில் அருவருக்கப்பட்ட ஒரு பறவையை முனிவராக்கி, அதன்மேல் கல்லெறியாமல் காத்தது இக்கதைதான். ஆனால் கதையில் ஒரு வெற்றிடம் உண்டு. இறவாத முனிவர்களுக்குப் பிள்ளைகள் தேவையில்லை. ஆகவே அந்தக் கதையில் குஞ்சுகளுக்கு இடமில்லை.

இயற்கையில் நடப்பது வேறு. மஞ்சள்முகப் பாறு பாறை இடுக்கில் கூடு கட்டி இரண்டு முட்டைகள் வரை இடும். ஏறக்குறைய ஆறு வாரம் அடைகாக்கும். குஞ்சு பறக்கப் பத்து வாரத்துக்கு மேலாகும். நன்கு வாழ்ந்தால் முப்பது ஆண்டு இருக்கலாம். அப்படியானால், நூற்றாண்டுகளாக வந்த அந்த இரண்டு பறவைகள் ஒரே இரண்டு பறவைகளாக இருந்திருக்க இயலாது. மூத்தது மறைந்து இளையது அந்த இடத்தை நிரப்பும் நிகழ்வு பலமுறை நடந்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. இப்பறவையின் இளம்பருவ நிறம் வெள்ளையன்று, அடர்பழுப்பு. முழு வெண்மை பெற ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆகும். இரண்டு வெள்ளைப் பறவைகளைத் தரிசிக்க வந்த கண்களுக்கு, தொலைவில் வட்டமிடும் ஒரு பழுப்புப் பறவை அதே முனிவர் குலத்தின் பிள்ளை என்று தோன்ற வாய்ப்பே இல்லை. இங்குள்ள சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை சங்கு பிறப்பதை ஊரே கொண்டாடி ஆண்டைச் சொல்லி நினைவுகூர்கிறது. பாறு பிறந்த ஆண்டுக்கு அப்படியொரு நினைவு ஏற்படவில்லை.

எண்ணுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இப்பறவைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் துறைப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி. சிந்துவெளி எழுத்து, தமிழ்க் கல்வெட்டு, கோலங்களின் இலக்கணம் என்று பல துறைகளில் உழைத்தவர். 1937இல் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தபோது கிடைத்த முட்புதர்க் காட்டு வளாகம், பறவை பார்ப்போருக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது. 1977இல் ‘நியூஸ்லெட்டர் ஃபார் பேர்ட்வாச்சர்ஸ்’ இதழில் திருக்கழுக்குன்றத்துப் பாறுகளைப் பற்றி அவரது குறிப்பு வெளிவந்தது. இந்துசூடன் என்ற பெயரில் மலையாளத்தில் எழுதிய கே.கே. நீலகண்டனும் அதே ஆண்டு அதே இதழில் இவற்றைப் பற்றி எழுதினார். அதன்பின் இருபது ஆண்டுகளே அப்பறவைகள் வந்தன. 1990களின் இறுதியோடு உச்சிவேளை விருந்து நின்றுபோயிற்று.

கொன்ற கணக்கும் பிறந்த கணக்கும்

இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறான வரலாறு ஒன்று உண்டு. ரெட் கைட் என்று ஆங்கிலேயர் அழைக்கும் செந்நிறப் பருந்து, ஒரு காலத்தில் லண்டன் தெருக்களில் கழிவுகளைப் பொறுக்கித் தின்ற பறவை. நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் செம்பருந்து வேறு. அது வெண்தலை உடையது, இதற்கோ பிளவுபட்ட நீள்வால். பதினாறாம் நூற்றாண்டுச் சட்டங்கள் இதன் தலைக்கு விலை வைத்தன. கொன்று கொண்டுவந்தவருக்குத் தேவாலயக் காப்பாளர்கள் காசு கொடுத்துக் கணக்கில் எழுதினர். நம் கோயிலில் பறவைக்குப் பொங்கல் படைத்தார்கள், அவர்கள் தேவாலயத்தில் அதன் தலைக்குக் கூலி தந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அது அற்றுப்போனது. வேல்ஸ் மலைகளில் மட்டும் சில இணைகள் எஞ்சின. 1903இல் ஆர்வலர்கள் ஒரு குழு அமைத்து அவற்றின் கூடுகளுக்குக் காவல் இருக்கத் தொடங்கினர்.

1989இல் மீட்பு முயற்சி தொடங்கியது. ஸ்வீடனிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்துவந்து, மனிதர் கண்ணில் படாமல் கூண்டில் உணவளித்து, பறக்கும் பருவத்தில் விடுவித்தார்கள். தென் இங்கிலாந்தின் சில்டெர்ன்ஸ் குன்றுகளிலும் வட ஸ்காட்லாந்தின் பிளாக் ஐல் பகுதியிலும் 93 வீதம் சில ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டன. 1992இல் அவை குஞ்சு பொரித்தன. பறவையை விடுவித்ததோடு வேலை முடியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் கூடுகளைத் தேடி மரமேறிக் குஞ்சுகளை எடைபார்த்துச் சிறகில் வண்ணப் பட்டை பொருத்தினார்கள். இடச்சிறகின் வண்ணம் பிறந்த வட்டாரத்தைச் சொல்லும், வலச்சிறகின் வண்ணம் பிறந்த ஆண்டைச் சொல்லும். வயல்வெளியில் நடந்துபோகும் எவரும் தொலைநோக்கியால் ஒரு பருந்தின் ஊரையும் வயதையும் படித்துவிடலாம்.

இந்தப் பொறுமையின் பயன் பின்னர்தான் தெரிந்தது. 2006 வாக்கில் சில்டெர்ன்ஸில் இருநூறுக்கு மேற்பட்ட இணைகள் இருந்தன. பிளாக் ஐலிலோ ஐம்பதைத் தொடவில்லை. விடுவித்த எண்ணிக்கை ஒன்றே. கூடுகளும் ஒன்றுக்கொன்று குறைந்தவையல்ல, வடக்கிலும் குஞ்சுகள் நன்றாகவே பிறந்தன. பிறந்தவை முதிர்ச்சி அடையும் முன்பே மடிந்தன. சட்டத்துக்குப் புறம்பாக வைக்கப்பட்ட நஞ்சே பெருங்காரணம் என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. வெறும் தலையெண்ணிக்கையை வைத்திருந்தால், வடக்கின் குளிர் ஒவ்வவில்லை என்றோ இரை போதவில்லை என்றோ முடிவுகட்டியிருப்பார்கள். பட்டை கட்டிய குஞ்சுகள்தாம் உண்மையைச் சொல்லின. 2014இல் அதே வட்டாரத்தில் 16 பருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்துகிடந்தபோது, பலவற்றின் உடலில் நஞ்சு உறுதியாயிற்று. இத்தனைக்குப் பிறகும் இன்று பிரிட்டனில் பல ஆயிரம் இணைகள் வாழ்கின்றன. ஸ்பெயினில் இப்பறவை குறைந்தபோது, 2022இல் இங்கிலாந்துக் குஞ்சுகள் அங்கே அனுப்பப்பட்டன. ஒரு காலத்தில் வாங்கிய கடன் திரும்பிச் சென்றது.

பரத்பூரில் ஒலித்த எச்சரிக்கை

நம் நாட்டிலும் கூடு எண்ணியவர் ஒருவர் இருந்தார். ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் வெண்முதுகுப் பாறுகளை விபு பிரகாஷ் 1980களில் ஆராய்ந்திருந்தார். 1996-97இல் மீண்டும் பார்த்தபோது பழைய கூடுகளில் பாதி கூட இல்லை, இறந்த பறவைகள் மரங்களில் தொங்கின. பழைய எண்ணிக்கை கையில் இருந்ததால்தான் அது பேரழிவு என்று அவரால் சொல்ல முடிந்தது. 2004இல் காரணம் வெளிப்பட்டது. மாடுகளுக்கு வலிநீக்கியாகத் தரும் டைக்ளோஃபெனாக் மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைக்கிறது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவே எஞ்சியது. மஞ்சள்முகப் பாறும் வேகமாகக் குறைந்து, 2007இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக உலகப் பட்டியலில் ஏறியது.

பரத்பூரில் கூடுகள் வெறுமையாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் கழுக்குன்றத்தின் பாறையும் வெறுமையானது. அங்கே கையில் எண் இருந்தது, அது ஆய்வாயிற்று, ஆய்வு சட்டமாயிற்று. இங்கே கையில் கதை இருந்தது. பறவை வராததற்குக் கதை ஏற்கெனவே ஒரு விளக்கம் வைத்திருந்தது: கூட்டத்தில் பாவி இருக்கிறான். அந்த விளக்கம் இருக்கும்வரை வேறு காரணத்தைத் தேட யாருக்கும் அவசியம் எழாது. பறவைகளைக் காத்த நம்பிக்கையே அவற்றின் மறைவைக் காணவிடாமல் மறைத்தது என்பதுதான் இவ்வரலாற்றின் துயரம்.

2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் தடைசெய்யப்பட்டது. மனிதருக்கான மருந்தைப் பெரிய குப்பிகளில் வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கத்தைத் தடுக்க, 2015இல் அதன் குப்பி 3 மில்லிலிட்டராகச் சுருக்கப்பட்டது. 2023இல் அசிக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென் ஆகியவையும் கால்நடைகளுக்குத் தடையாயின. ஹரியானாவின் பிஞ்சூரில் வளர்ந்த எட்டு வெண்முதுகுப் பாறுகள் 2020 அக்டோபரில் செயற்கைக்கோள் கருவியோடு வானில் விடப்பட்டன. 2024இல் மகாராஷ்டிரத்தின் தடோபாவில் விடப்பட்ட என்-11 என்னும் பறவை, ஏறத்தாழ 4000 கிலோமீட்டர் சுற்றித் தமிழகம் வரை வந்தது. முனிவர் காசியிலிருந்து வருகிறார் என்ற கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரு பறவை உண்மையாகவே எங்கிருந்து எவ்வழியே வந்தது என்பதை முதுகுக்கருவி சொல்கிறது. வியப்பில் இது கதைக்குக் குறைந்ததன்று.

மீண்டும் வருமா?

கழுக்குன்றத்துக்கு மீண்டும் பாறுகளைக் கொண்டுவர முடியுமா என்ற கேள்வி இயல்பாக எழும். இந்திய இனப்பெருக்க மையங்கள் வெண்முதுகு, கருங்கழுத்து, மெல்லலகு ஆகிய மூன்று பாறுகளின்மேல் கவனம் வைத்துத் தொடங்கப்பட்டவை. மஞ்சள்முகப் பாறு அந்த மூன்றில் இல்லை. அதைவிடப் பெரிய தடை வேறு. அழிவின் காரணம் நீங்காத இடத்தில் பறவையை விடக்கூடாது என்பது மீள்அறிமுகத்தின் முதல் விதி. பாறுகளுக்குப் பாதுகாப்பான பகுதி என்றால் குறைந்தது 100 கிலோமீட்டர் ஆரத்தில் நச்சு மருந்து கால்நடைகளுக்குப் புழங்கக்கூடாது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வேதகிரி மலையை மையமாக வைத்து அந்த வட்டத்தை வரைந்தால் தாம்பரம், சென்னை, காஞ்சிபுரம், புதுச்சேரி எல்லாம் உள்ளே வந்துவிடும். புறநகர்த் தெருக்களில் திரியும் மாடுகளுக்கு எந்த ஊசி போடப்படுகிறது, இறந்த மாடு எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்த வட்டம் முழுவதும் விடை கிடைத்தாக வேண்டும். பிளாக் ஐலில் கற்ற பாடமும் இதுவே. விடுவிப்பது எளிது, விடுவித்தவற்றின் பிள்ளைகள் பிழைத்திருப்பதே கடினம்.

தமிழகத்தில் பாறுகள் இன்றும் கூடு கட்டும் முதன்மையான இடம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் ஆற்றோர மருத மரங்களில் வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடுகிறது. தமிழகம், கேரளம், கர்நாடகம் இணைந்து நடத்திய கணக்கெடுப்பில் 2023இன் தொடக்கத்தில் 246 பாறுகளும், அவ்வாண்டு இறுதியில் 320 பாறுகளும் பதிவாயின. மகிழ்ச்சி தரும் செய்திதான். ஆனால் ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவை பத்தே மாதத்தில் இவ்வளவு பெருகிவிடாது. பார்த்த இடங்களும் பார்த்த கண்களும் கூடியதன் விளைவும் இதில் இருக்கும். பெருக்கத்தை உறுதியாகச் சொல்லவல்லது கூட்டின் கணக்கு: எத்தனை மரத்தில் முட்டை, எத்தனையில் குஞ்சு, எத்தனை குஞ்சு பறந்தது, அடுத்த ஆண்டு எத்தனை திரும்பின. அந்த மருத மரங்களின் அடியில் ஆண்டுதோறும் நின்று அண்ணாந்து பார்த்து எழுதிக்கொள்ளும் ஆட்கள்தாம் இன்று உச்சிவேளைப் பூசை செய்கிறார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது இரண்டு வெண்பறவைகளை அன்று, இன்னும் நிறம் மாறாத ஒரு குஞ்சை.